பீடத் துணியில் ஈர வாடை

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று பூசை முடிந்து கோயில் உடுப்பு அறையில் இருந்தவர்கள்: உபதேசியார் தவசிமுத்து, பாட்டுக் குழு மலர், என் மருமகள் ஜூடி, செருப்பைக் கழற்றச் சோம்பி வாசலிலேயே நின்ற என் மகன் ஃப்ரெடி, நான். எல்லார் பேரையும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் 'நான் அங்கே இல்லையே' என்று சொல்லக்கூடாது.

நான் துவைத்துக் கொண்டுபோன பீடத் துணியைத் தவசிமுத்து வாங்கினார். விரித்தார். மூக்கு கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார் — மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல.

"என்னம்மா, ஈர வாடை அடிக்கே."

முப்பத்தொரு வருடம். இந்தக் கோயில் பீடத் துணி முப்பத்தொரு வருடமாக என் கையில் இருக்கிறது. நாலு சாமியார் மாறிப் போனார்கள். ஒருத்தர் மோந்ததில்லை. மலர் இருமினாள். அது இருமல் இல்லை, எனக்குத் தெரியும்.

மாதவரத்தில் புதுசாக ஒரு லாண்டரியாம், வேனிலேயே வந்து எடுத்துப் போவார்களாம். "சகல புனிதர் திருநாளுக்கு நீங்களே செஞ்சு தாங்க. அதுவும் இப்படித்தான்னா, கிறிஸ்மஸ்ல இருந்து அவங்ககிட்ட கொடுத்திருவோம்."

திருநாள் நவம்பர் ஒன்று.

அக்டோபர் 13, திங்கள்

துணி ஈரமாகத்தான் இருந்தது. இதை இந்த நோட்டில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

எர்ணாவூரில் மொட்டை மாடியில் வெள்ளைத் துணி போட்டால் சாயங்காலம் எள் தூவினது போல ஆகிவிடும். கரித்தூள் பாதி, லாரிப் புழுதி பாதி. அதற்காகத்தான் ஃப்ரெடி இரண்டு வருடம் முன்னால் டிரையர் வாங்கிப் போட்டான். வீட்டில் அதை ஓட்டுவது நான் மட்டும்தான். முன்பு ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று எடுப்பேன். இப்போது இரண்டு மணி நேரம் சுற்றியும் ஓரம் தைத்த இடம் சில்லென்று இருக்கிறது. நடுவில் தானாகவே நின்றுவிடுகிறது. மேல் தகட்டைத் தொட்டால் தோசைக்கல். சூடு உண்டு, காயவில்லை. அந்தச் சூடு எங்கேதான் போகிறது?

கதவுப் பக்கம் ஒரு சல்லடை இருக்கிறது. துணியில் உதிரும் பஞ்சு அதில் சேரும். ஒவ்வொரு தடவையும் எடுத்து வழித்துப் போடுகிறேன். அந்தக் குறையை என்மேல் யாரும் சொல்ல முடியாது.

அக்டோபர் 16, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் கொடி கட்டியாயிற்று. ஃப்ரெடியின் பனியனுக்குக் கீழே குனிந்து போய்த்தான் சோறு எடுக்கிறோம்.

அக்டோபர் 18, சனி

மெக்கானிக் செங்குட்டுவன் வந்தான். இவனை எனக்குத் தெரியும். 2023 ஜூலையில் வாஷிங் மெஷின் பார்க்க வந்து, என் பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறிக் காலை உடைத்தவன். நாற்காலிக் காலைத்தான்.

மெஷினை ஓட விட்டான். காதை வைத்துக் கேட்டான். ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை.

"ஹீட்டர் அவுட்டு பாட்டி. பேசாம புது மெஷின் வாங்கிடுங்க."

"ஹீட்டரு அவுட்டுன்னா மேல இன்னாத்துக்குடா சுடுது? கைய வச்சுப் பாரு."

வைத்தான். வெடுக்கென்று எடுத்து ஊதிக்கொண்டான்.

"அது வேற சூடு பாட்டி."

வேற சூடாம்! சூட்டில் இவனுக்கு மட்டும் இரண்டு வகை. டீ கொடுக்காமல் அனுப்பினேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

ஜூடி சொல்கிறாள்: "அத்தை, உங்களுக்கும் வயசாச்சு. லாண்டரிக்கே போகட்டுமே. நீங்க ஜம்முனு உக்காந்து பூசை பாருங்க."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிகிறது. வயசாச்சாம். யாருக்கு? மெஷினுக்கு ரெண்டு வயசு, அதுவே நின்னு நின்னு போவுது. நான் எங்கயாவது நின்னேனா?

பீடத்துக்குப் பக்கத்தில் போக எனக்கு வேறு என்ன இருக்கிறது? வாசகம் வாசிக்கிற படிப்பு இல்லை. நாலாம் கிளாஸ். பாட்டுக் குழுவில் சேர்க்கிற குரலும் இல்லை. அந்தத் துணி ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு நடுப்பாதையில் நடக்கும்போது எல்லாரும் விலகி வழி விடுவார்கள். அதை மாதவரத்துக்காரன் வேனில் ஏற்றிக்கொண்டு போவானா?

இந்த வேலை என் மாமியாரிடமிருந்து வந்தது. துணியோடு கஞ்சியும் வந்தது. கல்யாணமான வருடம், 1979 மார்ச், ஒரு வியாழக்கிழமை, நான் முதல்முதலாகத் துணிக்குக் கஞ்சி வைத்தேன். அவள் தெருக் குழாயடியில் அதைத் தூக்கி ஊற்றினாள். "இன்னாடி இது, மூஞ்சி கழுவுன தண்ணி மாறி கீது? துணி பலகையாட்டம் நிக்கணும்டி!" வரிசையில் ஒன்பது குடம், ஒன்பது பொம்பளை. ஒன்பது பேர் பேரும் இன்றைக்கும் சொல்வேன். எனக்குப் பத்தொன்பது வயது.

94-இல் சாகக் கிடந்தபோதும் என் கையைப் பிடித்து, "கஞ்சிய மட்டும் தண்ணியா வச்சுடாத" என்றாள். வேறு ஏதாவது நல்லதாகச் சொல்வாள் என்று நான் குனிந்திருந்தேன். அன்று முதல் இன்றுவரை பசை மாதிரிதான் வைக்கிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி

செங்குட்டுவன் பார்க்காததை நான் பார்ப்பது என்று முடிவு பண்ணினேன். முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். கீழ்வீட்டு மரியம் வந்தாள். தையல்காரி, கைக்குப் பலம் உண்டு. இரண்டு பேரும் மெஷினை முன்னால் இழுத்தோம்.

பின்னால் ஒரு குழாய், சூட்டுக் காற்றை ஜன்னலுக்கு வெளியே விடுவதற்கு. சுவரில் அழுந்தி நசுங்கிக் கிடந்தது. கழற்றி உதறினால் பஞ்சு, பஞ்சு, பஞ்சு. ஒரு தலையணைக்குக் காணும்.

"அக்கா, இத்த எனக்குக் குடு. ஊசி குத்துற மெத்தைக்கு ஆவும்."

குழாயை நிமிர்த்தி மாட்டி ஓட விட்டேன். கொஞ்சம் தேவலை. ஆனாலும் ஒன்றே முக்கால் மணி நேரம். ஓரம் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

தவசிமுத்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் திரும்பிப் புனிதர் சுரூபத்தைப் பார்த்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்! அவசரத்தில் எழுத்து கோணுகிறது. போகட்டும்.

சல்லடையைக் கழற்றினேன். பஞ்சை வழித்தேன். கண்ணாடி போலச் சுத்தம். கை தவறித் துவைக்கிற தொட்டியில் விழுந்தது, ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே. எடுக்கக் குனிந்தபோது ஊசி கடன் கேட்க வந்திருந்த மரியம் பின்னாலிருந்து கத்தினாள்.

"இன்னாக்கா இது, சல்லடையில தண்ணி நிக்குது!"

நின்றது. தட்டில் ரசம் ஊற்றினது போல. தூக்கினேன், அப்படியே வந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. தண்ணீரே போகாத இடத்தில் காற்று எப்படிப் போகும்? காற்று போகாவிட்டால் சூடு உள்ளேயே அடையும், மெஷின் பயந்துபோய் நிற்கும். துணியின் ஈரத்துக்கு வெளியே போக வழி ஏது?

விரலால் தேய்த்தேன். வழுவழுவென்றிருந்தது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மெல்லிசாக, வெள்ளையாக, ஓர் ஆடை உரிந்து வந்தது.

எனக்கு அது என்னவென்று சொல்ல மெக்கானிக் வேண்டாம். நாற்பத்தாறு வருடமாகப் பார்க்கிற ஆடை. கஞ்சி ஆறினால் மேலே படியுமே, அதுதான்.

"ஹீட்டர் அவுட்டுன்னானே அந்த மெக்கானிக்கு," என்றாள் மரியம். "நீ மெஷினுக்குக் கஞ்சி ஊத்தி வளத்திருக்கியேக்கா!"

சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஜூடி போனில் மெஷின் புத்தகத்தைத் தேடி எடுத்து வாசித்தாள். கஞ்சித் துணி போட்டால் ஒவ்வொரு தடவையும் உள்ளே துடைக்க வேண்டுமாம். உள்ளே இரண்டு தகட்டுப் பட்டை இருக்கிறது, அதுதான் துணியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறதாம். அதன்மேலும் கஞ்சிதான். ஈரத் துணியால் துடைத்து, காயத் துடைத்தேன்.

"சாரி அத்தை," என்றாள் ஜூடி. "வயசாச்சுன்னு சொல்லிட்டேன்."

21-ஆம் தேதி கணக்கு தீர்ந்தது.

ஆனால் இனிமேல் பசைக் கஞ்சி கூடாது. தண்ணீர்க் கஞ்சிதான் வைக்க வேண்டும், குழாயடியில் மாமியார் கொட்டினாளே, அதே கஞ்சி. துணி பலகை போல நிற்காவிட்டால் தவசிமுத்து என்ன சொல்வார்? ஈரத்தில் தப்பித்துத் தொளதொளப்பில் மாட்டினால்?

அக்டோபர் 31, வெள்ளி

வெளியே கொட்டுகிற மழை. தண்ணீர்க் கஞ்சி. ஐம்பத்தைந்து நிமிடம். ஓரம் வெதுவெதுவென்று காய்ந்திருந்தது.

மெஷின் ஓடி முடிகிறவரை மாமியார் படத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 1, சனி

இன்றைக்கு உடுப்பு அறையில் அதே ஐந்து பேர். ஃப்ரெடி செருப்பைக் கழற்றியிருந்தான்.

தவசிமுத்து துணியை வாங்கினார். நான் சொன்னேன்: "மோந்து பாருங்க உபதேசியாரே. நல்லா பாருங்க. எல்லாரும் கீறாங்க."

கூச்சப்பட்டார். நான் விடவில்லை. மோந்தார். கொண்டுபோய்ப் பீடத்தில் விரித்தார். நானும் பின்னாலேயே போனேன்.

முன்பெல்லாம் அது அட்டை மாதிரி விறைத்து நிற்கும், மூலையில் முட்டிக்கொண்டு. இன்று ஓரம் மெதுவாக மடிந்து, தண்ணீர் இறங்குகிற மாதிரி இறங்கித் தொங்கியது. மலர் உண்மையாகவே "அய்யோ, அழகா இருக்கு ஆன்ட்டி!" என்றாள். தவசிமுத்து இரண்டு கையாலும் நீவிவிட்டார்.

"இத்தனை வருஷம் ஏன்மா இப்படிச் செய்யல?"

மறுபக்க மூலையை நான் நீவிவிட்டேன்.

"மாதவரத்துக்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்," என்றார். "அன்னைக்கு நாலு பேர் முன்னால மோந்தது தப்புதாம்மா."

மன்னித்தேன். மலரின் இருமலையும் மன்னித்தேன். திரும்பும் வழியில் செங்குட்டுவனைப் பார்த்தேன். சல்லடைக் கதையைச் சொன்னேன். "நான் அத்த பாக்கவே இல்ல பாட்டி," என்று தலையைச் சொறிந்தான். உண்மையைச் சொன்னதால் அவனையும் மன்னித்தேன். நாற்காலி தனி.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஃப்ரெடி, ஜூடி, நான். கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறு, எங்கே பார்த்தாலும் மெழுகுவர்த்தி, குடை.

மாமியார் கல்லில் எழுத்துக்குள் கரித்தூள் ஏறி ஒன்றுமே தெரியவில்லை. பையில் பிரஷ் கொண்டுபோயிருந்தேன், சல்லடை தேய்த்த அதே பிரஷ். குந்தி உட்கார்ந்து எழுத்து எழுத்தாகத் தேய்த்தேன். ஜூடி தண்ணீர் ஊற்றினாள். சிலுவையம்மாள் என்ற பேர் பளிச்சென்று வந்தது. சாமந்தி வைத்தேன். இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, காற்றில் அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு, அவள் ஆத்துமாவுக்காக ஒரு செபமாலை முழுக்கச் சொன்னேன். ஒரு மணிகூட விடவில்லை.

"அம்மா, அழுறியா?" என்று ஃப்ரெடி கேட்டான்.

"பொக," என்றேன்.

நாற்பத்தாறு வருடம். என் கஞ்சிதான் சரியான கஞ்சி. ஒன்பது குடத்துக்கு முன்னால் அதைக் கொட்டினாள்.

சிலுவையம்மாள். அவளை மட்டும் மன்னிக்கவில்லை.