கலைமதியின் பையில் இருந்த வண்டிச் சாவி

பிள்ளைப்பாக்கம்,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் பிரவீனுக்கு அப்பா நடேசன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். ஹங்கேரியில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, காதை மூடாமல் வேலைக்குப் போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதில்தான் சளி இறங்கும். தினமும் போனில் பேசுகிற அப்பனுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் கத்திவிடுவேன், பாதிக்கு மேல் போகாது. அதனால் தாளில் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன், வரிசை மாற்றாமல் கடைசிவரை படி. உன் பெண்டாட்டி கலைமதி சும்மா நாலு நாள் குன்றத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருவாள் என்று உன்னிடம் சொன்னோம் இல்லையா, அவள் சும்மா போகவில்லை. என்னால் போனாள். அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாதே.

எல்லாம் உன் கார் வண்டியில் ஆரம்பித்தது. நீ விமானம் ஏறியதிலிருந்து அது வாசலில்தான் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் எடுப்பேன். எடுக்கப் போனால் ஒவ்வொரு முறையும் டிக் டிக் என்று சத்தம் வருமே தவிர ஸ்டார்ட் ஆகாது. பக்கத்து வீட்டுத் தமிழ்வாணன் ஒயர் கொண்டுவந்து அவன் வண்டியிலிருந்து கரண்டு கொடுத்தால்தான் உயிர் வரும். பேட்டரி பழசு என்று புதுசு மாட்டினேன், அதுவும் செத்தது. பேட்டரிக் கடை ரகு பழைய பேட்டரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி என் தலையில் கட்டிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன், போய்ச் சண்டையும் போட்டேன். அவன் மீட்டர் வைத்துக் காட்டி, பேட்டரி நல்லாத்தான் கீது சார், உங்க வண்டியில எதுவோ கரண்டைக் குடிக்குது, யாராச்சும் உள்ள உக்காந்து பாட்டு கேக்கறாங்களா பாருங்க என்றான். அந்த ஒரு வார்த்தை போதுமே எனக்கு. ஒரகடத்தில் கம்பெனி கேட்டில் இத்தனை வருஷம் செக்யூரிட்டியாக நின்று, உள்ளே வருகிறவன் போகிறவன் எல்லாரையும் தடவிப் பார்த்த கை இது. சாவி என் அரணாக்கயிற்றில் இருக்கிறது, பிறகு எவன் உள்ளே உட்காருகிறான்? கம்பெனியில் விரிசல் விட்டு ஓரமாகப் போட்டிருந்த, லாரிக்கு அடியில் காட்டிப் பார்க்கிற கண்ணாடியைக் கேட்டு வாங்கிவந்து உன் வண்டிக்கு அடியில் எல்லாம் பார்த்தேன். கதவு இடுக்கில் நூல் ஒட்டிவைத்தேன். நூல் ஒட்டினபடியே இருந்தது, பேட்டரி மட்டும் செத்துக் கிடந்தது. வேறு எவனாக இருந்தாலும் அங்கேயே புத்தி வந்திருக்கும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, நூலைப் பார்த்து எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள், அப்படியென்றால் இது வீட்டு ஆள் வேலை.

கலைமதி முதல் ஷிப்டு முடிந்து வந்ததும் வண்டி மேல் சாய்ந்துகொண்டுதான் உன்னோடு போன் பேசுவாள். வீட்டுக்குள் டிவி சத்தம், அவள் வேறு எங்கே போவாள்? அது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் அவள் வண்டிப் பக்கம் நிற்பதே என் கண்ணை உறுத்தியது. நான் குளிக்கப் போகும்போது சாவியைக் கழற்றி வைப்பேன், அந்த நேரம் பார்த்து எடுக்கிறாளோ என்று சோப்புப் போட்டுக்கொண்டே யோசித்தேன் என்றால் பார்த்துக்கொள். போன வாரம் அவள் கம்பெனி பஸ் இறங்கி வாசலுக்கு வந்தாள். நான் குறுக்கே நின்று, பையைத் திற என்றேன். கேட்டில் சொல்கிற அதே குரல். எதிர்வீட்டு முனியம்மாள் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கலைமதி திறந்து காட்டினாள். டிபன் டப்பா, ஐடி கார்டு, ஒரு சீப்பு, அடியில் உன் வண்டியின் இன்னொரு சாவி. எனக்கு ஏதோ திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம். வாய்க்கு வந்ததைக் கேட்டேன், எழுதக் கை கூசுகிறது. அவர் ஊருக்குப் போறப்போ அவசரத்துக்கு வச்சுக்கோன்னு குடுத்தாரு மாமா, நான் கதவைக்கூடத் தொறக்கல என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்த் துணியை எடுத்துக்கொண்டு, உன் அம்மா கூப்பிடக் கூப்பிட ஷேர் ஆட்டோ ஏறிவிட்டாள். ரெண்டாவது சாவி இருப்பதை நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உன்மேலும் கோபம் வந்தது. என்னிடம் எவன் சொல்லுவான்?

அப்புறம் நடந்ததைக் கேள். தமிழ்வாணனிடம் கரண்டு வாங்கி வண்டியைக் கடைக்கு ஓட்டிப்போய், அரிசி மூட்டை ஏற்ற டிக்கியைத் திறந்தேன். உன் பேஸ் பாக்ஸ் பக்கத்தில், பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிற அந்த ஆம்ப் மேல் கை பட்டது, சுடுகிறது. சாவி என் இடுப்பில், வண்டி நிழலில், ஆனால் அதில் சிவப்பு லைட்டு எரிந்துகொண்டிருக்கிறது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றின அன்றைக்கு மைக் செட்காரன் வராமல் ஏமாற்றினானே, உன் வண்டி டிக்கியைத் திறந்துவைத்துத்தானே தெரு முழுக்க அம்மன் பாட்டு போட்டோம். சாவியை வண்டியில் விட்டால் எவனாவது ஓட்டிக்கொண்டு போய்விடுவான் என்று நான் உருவிக்கொண்டேன். சாவி இல்லாமலே பாடட்டும் என்று நீ பாட்டுச் செட்டு ஒயர், ஆம்ப் ஒயர் எல்லாவற்றையும் நேராகப் பேட்டரியில் கொடுத்தாய். கூழ் முடிந்து செட்டை நிறுத்தினாய், ஆம்ப் ஒயரை மாற்ற மறந்துவிட்டாய், அடுத்த வாரம் கிளம்பிவிட்டாய். அன்றையிலிருந்து பாட்டே இல்லாமல் அது ராப்பகலாகக் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ரகுவைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஒயரைப் பிடுங்கிவிட்டான், இப்போது வண்டி ஒரு திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது.

உன் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கலைமதியைக் கூட்டிவர என்னோடு வா என்றதற்கு, நீ பண்ண கூத்துக்கு நீயே போய்க் கூட்டினு வா, நான் இன்னாத்துக்கு வரணும் என்றாள். காலையில் குன்றத்தூரிலிருந்து வருகிற அவள் கம்பெனி பஸ் நான் நிற்கிற கேட்டைத் தாண்டித்தான் போகிறது, கலைமதி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள், என் பக்கம் முகம் திருப்புவதில்லை. நேற்று வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா சந்திரம்மாள் மரியாதைக்குக் குறைவில்லாமல் காபி கொடுத்தாள். நான் ஆம்ப், ஒயர், சிவப்பு லைட்டு எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். கலைமதி கடைசிவரை கேட்டுவிட்டு, ஒயரு பண்ண தப்பைச் சொல்லிட்டீங்க மாமா, நீங்க பண்ணதை எப்போ சொல்லப் போறீங்க என்றாள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அவரு தினமும் கேக்கறாரு, நான் நல்லா இருக்கேன்னுதான் சொல்லிக்கினு இருக்கேன், நடந்ததை நீங்களே அவருக்குச் சொல்லுங்க, நீங்க சொன்னீங்கன்னு அவரு வாயால நான் கேக்கணும், அப்புறம் வர்றதைப் பத்திப் பார்க்கலாம் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இப்போது எழுதியதைத் திரும்பப் படித்தால் இதிலும் பாதி ஒயர் கதைதான் இருக்கிறது. அதனால் ஒயரை விட்டுவிட்டுச் சொல்கிறேன். உன் பெண்டாட்டியை, நம் வீட்டு வாசலில், தெரு பார்க்க நிறுத்திப் பையைத் திறக்க வைத்தேன். ஒயர் சரியாக இருந்து, அவளே அந்த வண்டியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பாட்டு கேட்டிருந்தாலும் நான் செய்தது தப்பு. அது அவள் புருஷன் வண்டி, அவள் வீடு.

நீ நன்றாக இரு, உன் கை கால் சுகத்தோடு திரும்பி வா, அம்மன் உனக்குத் துணை நிற்பாள். வேளைக்குச் சாப்பிடு. படித்து முடித்ததும் எனக்குப் போன் போடாதே, திட்டுவதை அப்புறம் திட்டலாம். முதலில் அவளுக்குப் போட்டு, மேலே ஒயரை விட்டுவிட்டு எழுதியிருக்கிறேனே, அதை மட்டும் படித்துக் காட்டு. நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஏ. நடேசன்.