பச்சை வேம்பில் செதுக்கிய கிளிகள்

மாசி 9, வெள்ளி இரவு.

பக்கத்து வீட்டு சுதாவின் வளைகாப்புத் தட்டில் வைக்க, நான் செதுக்கிய மரக்கிளி ஜோடியைக் கொடுத்திருந்தேன். வளையல் போடும்போது ஒரு கிளியின் கழுத்து வெடித்துப் பிளந்தது.

அம்மன் கோயில் வேம்பின் கிளை, கேட்டு வாங்கியது. அண்ணனூர் தச்சர் அன்றே சொன்னார்: "பச்ச மரம்க்கா இது, வெடிச்சிரும். காஞ்ச தேக்கு கீது, எத்துக்கினு போ." அம்மன் மரம் வெடிக்காது என்றேன்.

சுதாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கரு தங்கவில்லை. "இதுவும் நெலைக்காது போலக்கீது" என்றாள் மாமியார், எல்லார் காதிலும் விழும்படி. சுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

மரத்தில் ஈரம், சகுனமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அம்மனைக் குறை சொன்னதாகிவிடுமே என்று பேசாமல் இருந்தேன். இல்லை, என் கைவேலையைப் பழிப்பார்களே என்றுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இன்னும் அழுகிறாள். சொல்லிவிடலாமென்று எழுந்தேன். வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.