ஜன்னல் திரை போர்த்திய புல்தரை

அக்கர்ஷா
மார்ச் முதல் வாரம், செவ்வாய்

அன்புள்ள சிரிலுக்கு,

ஹில்டா எழுதுவது. நானும் பூனையும் சௌக்கியம். அங்கே ஆஸ்பத்திரியில் கடற்காற்று உங்கள் நெஞ்சுக்கு நல்லது செய்கிறது என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு யாராவது கண் காது மூக்கு வைத்து எழுதி, உங்களுக்கு இருமல் கிளம்பிவிடும். நேற்று நான் நம் கிளப் புல்தரையின் நட்டநடுவில் சமையலறை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மதியச் சாப்பாடு வரை எழுந்திருக்கவில்லை.

காரணம் இருக்கிறது. வசந்தத்துக்குத் தரையைத் தயார் செய்ய நீங்கள் இல்லையே என்று, செயலாளர் ஹார்க்ரீவ்ஸ் தெற்கிலிருந்து ஒரு ஆளைப் பிடித்து வந்தார். கழுத்தில் டை, காலில் புது பூட்ஸ். அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இவர் தன் பந்தயப் புறாக்களைப் பார்க்கப் போய்விட்டார். வந்தவர் தரையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு, "என்னங்க இது, நடுவுல இப்படி வீங்கிக் கிடக்கு? இத்தனை வருஷமா ஒருத்தரும் கவனிக்கலையா? கவலைய விடுங்க, மட்டமாக்கித் தர்றேன்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாராம். பக்கத்து வீட்டு எட்னா சுவருக்கு மேலே கேட்டுவிட்டு, ஒரு காலில் செருப்போடு என்னிடம் ஓடி வந்தாள்.

நடுமேடு இல்லாமல் நம் பந்துருட்டு ஆட்டம் ஏது சிரில்? பந்து மேட்டில் ஏறி, தயங்கி, வளைந்து இறங்குவதைப் பார்க்கத்தானே சனிக்கிழமை முழுக்க ஊரே நிற்கிறது. தெற்கே மட்டமான தரையில் உருட்டி விளையாடுகிறார்கள், பாவம். அவருக்கு நம் மேடு ஒரு நோயாகத் தெரிந்திருக்கிறது.

"எழுந்திருங்கம்மா, வேலை நடக்கிற இடம்" என்றார். "நானும் வேலையாத்தான் இருக்கேன் தம்பி, மேட்டைக் காவல் காக்கிறேன்" என்றேன். எட்னா டீ கொண்டுவந்தபடியே இருந்தாள். ஹார்க்ரீவ்ஸ் திரும்பி வந்து விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துப்போய், மேட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். அந்த ஆள் நல்லவர்தான். தவறு புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். நம் வீட்டில் உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட பை பலகாரம் சாப்பிட்டுவிட்டு ரயிலேறிப் போனார்.

சிரிப்பெல்லாம் அத்தோடு சரி. இப்போது வேலைக்கு ஆளில்லை. நிலம் பீர் கம்பெனியுடையது என்பது உங்களுக்குத் தெரியும். ஈஸ்டர் சனிக்கிழமை, போட்டிகளை நடத்தும் லீக்கிலிருந்து வருகிறவர் இந்தத் தரையில் ஆடலாம் என்று சொல்லாவிட்டால், தார் போட்டு கார் நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்களாம். உங்கள் உழைப்பெல்லாம் தாருக்குள் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஹார்க்ரீவ்ஸ் தலையைச் சொறிந்தார். "பொம்பளைங்க டீ கொண்டு வர மட்டும்தான் புல்லு மேல கால் வைக்கலாம்னு விதி இருக்கேம்மா" என்றார். "சரி, அப்போ டீயோடயே வர்றேன்" என்றேன். இன்று காலை ஒரு கோப்பையை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு இறங்கினேன்.

பாசி கம்பளி மாதிரி அடர்ந்து கிடக்கிறது. அதைக் கொல்ல இரும்பு சல்ஃபேட்டை எப்படிக் கலப்பது, எப்போது வாருவது, விதையை எந்த மண்ணோடு சேர்ப்பது, எல்லாம் எழுதுங்கள். மூச்சு வாங்கினால் நர்ஸைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்திலேயே வந்தால் எனக்கு இன்னும் நிம்மதி.

சூப்பை மிச்சம் வைக்காதீர்கள்.

உங்கள் அன்பு மனைவி,
ஹில்டா


அக்கர்ஷா
ஈஸ்டர் ஞாயிறு

அன்புள்ள சிரிலுக்கு,

ஜெயித்துவிட்டோம்! இதை முதலில் எழுதினால்தான் மற்றதை நீங்கள் நிதானமாகப் படிப்பீர்கள். தரை பிழைத்தது. வருகிற சனிக்கிழமை முதல் ஆட்டம்.

இனி நடந்ததைக் கேளுங்கள். உங்கள் பதில் நர்ஸின் கையெழுத்தில் வந்தது. கடைசி வரி மட்டும் உங்களுடையது: "பைத்தியக்காரத்தனம் பண்ணாதே. பண்றதுன்னா ஒழுங்காப் பண்ணு." அதை மடித்து ஏப்ரன் பையில் கோப்பையோடு வைத்துக்கொண்டேன்.

நீங்கள் சொன்னபடி கலந்து தெளித்தேன். மறுநாள் காலையில் தரை முழுக்கக் கருகருவென்று ஆகிவிட்டது. ஹார்க்ரீவ்ஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு, "அய்யய்யோ, கொளுத்திட்டியேம்மா! சிரிலுக்கு நான் என்ன பதில் சொல்வேன்!" என்று அலறினார். தெருவே கூடிவிட்டது. "செத்தது பாசி, புல்லு இல்லை. சிரிலே சொல்லியிருக்கார், அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்று நானும் சத்தம் போட்டேன். ஆனால், ஒருவேளை அதிகமாகப் போட்டுவிட்டேனோ என்று அன்று முழுக்க ஒரு வாய் இறங்கவில்லை.

பாசி நன்றாகக் காய்ந்ததும் வார ஆரம்பித்தேன். எட்னா வந்தாள், அவள் பின்னாலேயே மற்றப் பெண்களும் வந்தார்கள். விதியை மீறக் கூடாதே, ஒவ்வொருத்தி கையிலும் ஒரு டீக்கோப்பை! கோப்பைகளை ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு ஆளுக்கொரு பல் வைத்த புல்வாரியை எடுத்தார்கள். கறுப்புப் பாசி வண்டி வண்டியாகக் கிளம்பியது. அடியில் புல் உயிரோடுதான் இருந்தது. ஆனால் மெலிந்து போய், அங்கங்கே சாப்பாட்டு மேசை அளவுக்கு வழுக்கை. நடுமேட்டில்தான் மோசம். இரும்பு முள்கம்பியால் தரையைக் குத்திக் காற்று விட்டோம். மணலும் மண்ணும் சேர்த்து விதை தூவினோம்.

இடுப்பை நிமிர்த்துவதற்குள் ஹார்க்ரீவ்ஸின் புறாக்கள் மொத்தமாக வந்து இறங்கின. எனக்கு வந்த கோபத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி இழுத்து வந்தேன். "அதுங்க பந்தயப் புறாம்மா, கண்ட விதையெல்லாம் தொடாது" என்றார். சொல்லும்போதே அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில் ஒன்று நிம்மதியாகக் கொத்திக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தார்.

அன்று உறைபனி வேறு விழும் என்று ரேடியோவில் சொன்னார்கள். இன்னொரு தடவை விதை வாங்கவும் வழியில்லை, முளைக்க நாளும் இல்லை. நேராக வீட்டுக்கு வந்து, விதைமேல் போர்த்த முன்ஜன்னலின் வலைத்திரையைக் கழற்றினேன். நம் தெருவில் திரை இல்லாத ஜன்னலும் உள்பாவாடையோடு தேவாலயம் போவதும் ஒன்றுதான். எட்னா பதறிப்போய், "அடியே ஹில்டா, உன் சோபா கிழிசல் தெரு முனை வரைக்கும் தெரியுதுடி!" என்றாள். "தெரியட்டும். தார் போட்ட பிறகு அந்த ஜன்னல் வழியா என்னத்தைப் பார்க்கப்போறேன்?" என்றேன். அவள் விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் வீட்டுத் திரைகள் அவள் தோளில் கிடந்தன.

அப்புறம் தெரு முழுக்க ஜன்னல்கள் அம்மணமாகின. புல்தரை கல்யாணப் பெண் மாதிரி வெள்ளை போர்த்திக்கொண்டது. ஓரங்களில் செங்கல் வைத்தோம். ஹார்க்ரீவ்ஸின் மனைவி தன் கல்யாணச் சீராக வந்த லேஸ் திரையை நடுமேட்டின் மேல் தன் கையாலேயே விரித்தாள். திரை போனதால்தான் இன்னொரு உண்மையும் வெளியே வந்தது. நம் செயலாளர், கமிட்டியில் மேசையைத் தட்டுகிற அதே மனிதர், பூப்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறார்! பையன்கள் இப்போது அவரைப் பார்த்தால் தட்டு துடைப்பது போலக் கையை ஆட்டுகிறார்கள். அவரும், "உங்கம்மாகிட்ட சொல்லு, எங்க வீட்டுத் தட்டுதான் தெருவிலேயே பளபளப்பு" என்று திருப்பிக் கொடுக்கிறார்.

விதை முளைக்க நாளாயிற்று. தினமும் போய் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பேன், வெறும் மண்தான். ஒருநாள் காலை தூக்கினால், ஊசி ஊசியாகப் பச்சை! அங்கேயே மண்டியிட்டு அழுதேன் சிரில். எட்னா வந்து ஏன் என்று கேட்டதற்குப் புல்லுக்காகத்தான் என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரையை எடுத்த பிறகு பனித்துளியைத் தட்டிவிட்டு, லேசாக உருளை ஓட்டி, உயரமாகவே முதல் வெட்டு வெட்டினேன். நேற்று லீக்கிலிருந்து மிஸ்டர் கிளெக் வந்தார். அந்தச் சிடுமூஞ்சிதான், ஐந்து வருஷமாகச் சிரித்ததில்லை என்று நீங்கள் சொல்வீர்களே, அவரேதான். பீர் கம்பெனிக்காரனும் அளவு நாடாவோடு வந்து நின்றான், பாவி. கிளெக் குனிந்து புல்லைத் தடவினார். மூலையிலிருந்து சின்னப் பந்தை உருட்டினார். அது மேட்டில் ஏறியது. புது முளைகள் மேல் தயங்கியது. நின்றேவிட்டது என்று நினைத்தேன். பிறகு மெல்லத் திரும்பி, அந்தப் பக்கம் இறங்கி ஓடியது.

"கொஞ்சம் மந்தமா ஓடுது" என்றார் கிளெக். "குழந்தைப் புல்லுங்க. மே மாசம் வந்து பாருங்க, நீங்க ஓடிப் பிடிக்கணும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆடலாம்" என்றார். சிரித்தார் என்று எட்னா சத்தியம் செய்கிறாள். அதற்குப் பிறகு எழுந்த சத்தம் உங்கள் ஆஸ்பத்திரி வரை கேட்டிருக்க வேண்டும். தொப்பிகள் பறந்தன. அளவு நாடாக்காரன் அதைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு எல்லோருக்கும் பீர் வாங்கித் தந்தான். வேறு என்ன செய்வான்!

சாயங்காலம் கமிட்டி கூடியது. ஹார்க்ரீவ்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, தரைப் பொறுப்பாளராக என் பெயரைச் சொன்னார். ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள். பெண்களைப் பற்றிய அந்த விதியையும் அடித்துவிட்டார்கள். நான் எழுந்து, "சிரில் திரும்பி வர்ற வரைக்கும்னு சேர்த்து எழுதுங்க" என்றேன். ஹார்க்ரீவ்ஸ் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுதி முடிக்கும் வரை நான் உட்காரவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. சும்மா கேட்டால் தரமாட்டேன். நீங்களே நேரில் வந்து, என்னோடு மல்லுக்கு நின்று, என் கையிலிருந்து வாரியைப் பிடுங்க வேண்டும். டாக்டர் என்னவோ சொல்லிக்கொள்ளட்டும். வந்து பிடுங்கிக்கொள்ளுங்கள் சிரில். நான் இறுக்கிப் பிடிக்க மாட்டேன்.

என்றும் உங்கள்,
ஹில்டா