பஷீராவை மட்டும் அக்கா என்றார்கள்

3-1-83, திங்கள்
எங்கள் கல்லூரி முகாம் தொடங்கியது. நாற்பது மாணவிகள், பத்து நாள், தலைப்பு தீண்டாமை ஒழிப்பு. ஊரை ஏற்பாடு செய்தது நான். ஊர்த் தலைவர் சென்னிமலை என் சித்தப்பா. பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார், அரிசியும் கொடுத்தார். கல்லூரி முதல்வர் நன்றி சொன்னபோது தாவரவியல் துறை பஷீராவின் பெயரையும் என் பெயரோடு சேர்த்துச் சொன்னார். அவள் என்ன செய்தாள்? என்னோடு பஸ் ஏறினாள்.

5-1-83
காலனிக்குக் கேள்வித்தாளோடு போனோம். "உங்கள் ஊரில் தீண்டாமை உண்டா?" வீடு வீடாகப் படித்தேன். எல்லோரும் "அதெல்லாம் இல்லீங்க" என்றார்கள்.

பஷீரா தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மாரியாயி வீட்டு வாசலில் உட்கார்ந்து அவளோடு கடலைக்காய் உரித்தாள். எழுந்தபோது அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஊர்த்தெரு அடிபம்பின் கைப்பிடியைக் காலனிப் பெண்கள் தொடக்கூடாதாம். குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், யாராவது மனசு வைத்து அடித்து ஊற்றும்வரை.

லீவுக்கு லீவு நான் வந்த ஊர் இது. பார்த்ததே இல்லையா? பார்த்திருக்கிறேன். வெயிலில் வரிசையாகக் குடங்கள்.

பஷீராவை அக்கா என்கிறார்கள். என்னை, பண்ணையக்கார வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி, பண்ணாடிச்சி.

8-1-83
மாரியாயி பஷீராவுக்கு மட்டும் டீ கொடுத்தாள். என்னிடம், "நீங்க குடிப்பீங்களோ என்னமோன்னு..." என்று இழுத்தாள். கொடுத்திருந்தால் குடித்திருப்பேன். குடித்திருப்பேனா? வயிறு எரிகிறது.

11-1-83
நாளை நிறைவு விழா. அதிகாரிகள் வருகிறார்கள், போட்டோக்காரர் வருகிறார். மாரியாயியே பம்பை அடித்து முதல் குடம் பிடிக்கட்டும் என்றேன். இது என் யோசனை, என்னுடையது மட்டும்.

"வேண்டாம் சௌந்திரம். நாம பஸ் ஏறினதுக்கப்புறம் அவ பக்கத்துல யாரு நிப்பா?" என்றாள் பஷீரா.

பொறாமை! வேறென்ன?

சித்தப்பாவிடம் தனியாகச் சொன்னேன். "தாராளமாப் பண்ணு சாமி. நீங்கல்லாம் கெளம்புன பொறவு அவளை நாங்க பாத்துக்கறோம்" என்றார். எவ்வளவு பெரிய மனசு.

12-1-83
மாரியாயி தயங்கினாள். பஷீராவைப் பார்த்தாள். நானே அவள் கையைப் பிடித்துக் கைப்பிடியில் வைத்தேன். தண்ணீர் கொட்டியது, ஒரே கைதட்டல். போட்டோவில் அவள் பக்கத்தில் நான். பஷீரா ஓரத்தில்கூட இல்லை.

19-1-83
பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரிக்குப் போனால், பஷீரா அழுதுகொண்டிருந்தாள்.

நாங்கள் கிளம்பிய மறுநாளே நடந்திருக்கிறது. நாலு ஆட்கள். மாரியாயியின் குடத்தை மிதித்து நசுக்கிவிட்டு, பம்பு அடித்த வலது கையை ஒடித்திருக்கிறார்கள். அவள் புருஷன் வேலுசாமி பஷீராவுக்குத்தான் ஆள் அனுப்பியிருக்கிறான்.

எனக்கு ஏன் அனுப்பவில்லை? – கேட்டதும் முதலில் தோன்றியது இதுதான். சீ. நானெல்லாம் ஒரு மனுஷியா?

21-1-83
ஆஸ்பத்திரி. மாரியாயி கட்டுப்போட்ட கையோடு எழுந்து உட்காரப் பார்த்தாள். "வாங்க பண்ணாடிச்சி. நல்லாருக்கறீங்களா?" என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வராந்தாவில் மாரியாயிக்காக வந்திருந்த வக்கீல் பேசிக்கொண்டிருந்தார். அடித்தவர்கள் சிக்கிக்கொள்வார்கள், அடிக்கச் சொன்னவர் தப்பித்துவிடுவார், அதற்குச் சாட்சி இல்லை என்றார். பஷீரா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "கெளம்புன பொறவு அவளை நாங்க பாத்துக்கறோம்." சித்தப்பா அதைச் சொன்னபோது கேட்டது நான் ஒருத்திதான். எழுதியும் வைத்திருக்கிறேன், இதே நோட்டில்.

வாயைத் திறக்கவில்லை.

26-1-83
அம்மாவிடம் சொன்னேன். "உன்னையப் படிக்க வெச்சது ஆருடி? அவரை ஜெயிலுக்கு அனுப்பிப்போட்டு இந்த ஊட்டுல கால் வெச்சிருவியா?"

30-1-83
தூக்கமில்லை. அந்தக் கையைப் பிடித்து வைத்தது நான்தானே.

2-2-83
போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன். சித்தப்பா என்ன சொன்னார், என்றைக்குச் சொன்னார், எல்லாம். இந்த நோட்டையும் காட்டினேன். எழுத்தர் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். பஷீராவின் பெயர் இல்லாத காகிதம் அது ஒன்றுதான். என் பெயர் மட்டும் இருந்தது. முகாமின் பத்து நாளும் எதற்காக வெந்துகொண்டிருந்தேனோ, அது கிடைத்தது. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் வேலுசாமி கும்பிட்டான்.

வீட்டுக்குப் போனேன். என் பெட்டி வாசலில் இருந்தது. கதவைத் தட்டினேன். அம்மா உள்ளேதான் இருந்தாள், இருமல் சத்தம் கேட்டது.

இதை பஷீராவின் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் அம்மா மஸ்தான் பீவி எனக்குச் சோறு போட்டுவிட்டு, "தலைய ஒழுங்காத் துவட்டுடீ" என்று அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறார். பஷீரா ஏதோ எதிர்த்துப் பேசுகிறாள்.

இன்றும் பொறாமையாகத்தான் இருக்கிறது.