பேர்ப்பலகை வெளியே பார்க்கிறது

என் செல்லக் கொழுந்தனே, செல்வின்!

ஒரு சேதி. உடனே சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். டொராண்டோவில் உன் தயாளண்ணன் பார் திறந்துவிட்டான்! நம் ஆட்களுக்கான பார். ஆணை நேசிக்கும் ஆணும், பெண்ணை நேசிக்கும் பெண்ணும் பயமில்லாமல் வந்து உட்காரும் இடம். வாசலில் பேர்ப்பலகை, அதில் தமிழ் எழுத்து. என்ன பேர் என்று இப்போதே சொல்ல மாட்டேன். பேர் வைப்பதற்கு நீ எங்களை எத்தனை வெள்ளிக்கிழமை காக்க வைத்திருப்பாய்? இன்றைக்கு நீ காத்திரு.

நான் இன்னும் துபாயில்தான் இருக்கிறேன். அதே ஏ.சி. கம்பெனி, அதே மேனேஜர், அதே கத்தல். சத்வாவில் நம் ரூம் இருந்த பில்டிங்கும் நிற்கிறது. கீழே டைலர் கடையில் மெஷின் சத்தம் கேட்டால் இப்போதும் என் கால் தானாக நின்றுவிடுகிறது. மேலே நீ பிரியாணி அண்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு நினைப்பு.

அந்த ரூமில் தயாளனும் நானும் ஜோடியாக இருந்தோம். அவன் யாழ்ப்பாணம், நான் திருச்சி. நீ குமரிக் கடற்கரைப் பையன், ஆஸ்பத்திரி நர்ஸ். வந்த முதல் நாளே தயாளனை அண்ணன் ஆக்கினாய். என் மீசையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, “அப்போ நீங்க எனக்கு மைனி” என்றாய். உங்கள் ஊரில் மைனி என்றால் அண்ணியாம். அன்றிலிருந்து நான் மைனி. தயாளன் கனடா போய், எங்கள் ஜோடி முடிந்து, வெறும் நண்பர்களாக ஆன பிறகும் அந்தப் பதவியை மட்டும் நீ பறிக்கவே இல்லை.

இந்த ஊரில் நமக்கென்று ஒரு பார் கிடையாது, இருக்கவும் முடியாது. அதனால் என்ன, வாராவாரம் நாமே திறப்போம் என்றாய். வெள்ளிக்கிழமை மத்தியானம் நம் ஆட்கள் கூடுவார்கள். நான் கம்பெனியிலிருந்து ஏ.சி. அட்டைப்பெட்டி கொண்டுவர வேண்டும். நீ அதை வெட்டி, அன்றைய பாரின் பேரைப் பட்டையாக எழுதி, கதவின் உள்பக்கம் மாட்டுவாய். வெளியே பார்த்தால் வெறும் கதவு. உள்ளே வந்து கதவைச் சாத்தியவனுக்குத்தான் எந்தக் கடைக்கு வந்திருக்கிறான் என்று தெரியும். கடையில் கிடைப்பது லபான் மோரும் எலுமிச்சை ஜூஸும். சாயங்காலம் பலகையைச் சுக்குச்சுக்காகக் கிழிப்பது மைனியின் வேலை.

என்ன பேரெல்லாம் வைத்தாய் பாவி! ‘கஃபீல் ஊரில் இல்லை’ என்று ஒரு வாரம். நம் விசாவையும் தலையெழுத்தையும் கையில் வைத்திருக்கும் கஃபீல் முதலாளி ஊரில் இல்லையென்றால் அதைவிடப் பெரிய திருவிழா ஏது? ‘லீவு பாஸ் ஆகிவிட்டது’ என்று ஒரு வாரம். அன்றைக்கு அந்தப் புது எலக்ட்ரீஷியன் நிஜமாகவே தனக்குத்தான் லீவு என்று நினைத்து அழுதுவிட்டான்.

டூட்டியில் கிடைக்கிற ஓய்வில் எல்லாம் இதே ஆராய்ச்சிதான் உனக்கு. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கழுகு என்ற பேரில் நம் ஆட்களின் பார் இருக்கிறதாம். எல்லாவற்றுக்கும் ஒரே முதலாளி இல்லை, ஒன்றுக்கொன்று சம்பந்தமும் இல்லை. புது ஊரில் இறங்குகிறவன் யாரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டாம், கழுகைத் தேடினால் போதும். சில இடங்களில் பேரே கிடையாது, கதவு எண் மட்டும்தான். இன்னும் சிலர் ‘ஆபீஸ்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். வீட்டிலிருந்து போன் வந்தால் ஆபீஸில் இருக்கிறேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம் இல்லையா! இதைச் சொல்லிவிட்டு நீ தரையில் உருண்டு சிரித்தாய். சிரித்த பிறகு, ஏன் அப்படி ஒளிய வேண்டியிருந்தது என்பதையும் சொல்வாய். போலீஸ் வரும், பேப்பரில் பேர் வரும், வேலை போகும். அதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் இறங்கிவிடும்.

உனக்கு ரொம்பப் பிடித்தது லண்டன் கதை. “மைனி, முன்னூறு வருசத்துக்கு முந்தியே அங்க நம்ம ஆளுவ கூடுன வீட்டுக்கு ஒரு அம்மைக்க பேருதான் தெரியுமா? அந்த வீட்ட நடத்துனவளே அம்மைன்னுதான் ஊரே கூப்பிட்டிருக்கு பாத்தியளா!” என்று துள்ளினாய்.

பிறகு அந்தக் கொரோனா வந்தது. வார்டில் டூட்டி பார்த்தாய், அதே வார்டில் படுத்தாய். அடக்கத்துக்குப் பக்கத்தில் வரக்கூட எங்களை விடவில்லை. போதும், இன்றைக்கு அதைப் பேசப் போவதில்லை.

போன மாதம் தயாளன் போன் செய்தான். “மச்சான், கடை எடுத்தாச்சு, லைசன்ஸும் வந்திட்டுது. பேர்தான் இன்னும் வைக்கேல்ல. செல்வின்ர பேரை வைப்பமோ?” வை என்றேன். “ஆனா ஒண்டு, தாய்க்காரியிட்டக் கேக்காமல் வைக்கக் கூடாது. நீ கேள்” என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

உன் அம்மா ரோசம்மாவுக்கு நான் உன் பழைய ரூம்மேட், அவ்வளவுதான். அவரிடம் பேர் கேட்க வேண்டுமென்றால் என்ன கடை என்று சொல்ல வேண்டும். என்ன கடை என்று சொன்னால் நீ யார் என்று சொன்ன மாதிரி. உயிரோடு இருந்தவரை நீ சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? பொய் சொல்லிப் பேர் வாங்கினால் மட்டும் நீ மன்னிப்பாயா? நாலு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், செல்வின். நம் ரூமை, அட்டைப் பலகையை, நம் எல்லோரையும். அந்தப் பக்கம் கடல் சத்தம் மட்டும் கேட்டது.

“எனக்க மவனும் அங்கத்த ஆளுதானா மக்கா?”

“அவன்தாம்மா அங்க எல்லாருக்கும் பேரு வைப்பான்.”

பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம். “அவனுக்க பேரு வேண்டாம் மக்கா. செத்த பிள்ள பேர எழுதி, நாளைக்கு எவனாவது ஒண்ணு பேசுனா, திருப்பிக் கேக்க அவனுக்கு வாய் உண்டா? எனக்க பேர எழுது. நான் உயிரோடதான கெடக்கேன். எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லுவேன்.”

போனை வைப்பதற்கு முன்னால் அவர் கேட்டார்: “எனக்கு ஒரு மவன்தான்னு நெனச்சுக்கிட்டு கெடந்தேன். நீங்க எத்தன பேரு மக்கா?”

நான் அழுதேன். தயாளனிடம் சொன்னபோது அவனும் அழுதான். அந்தக் கேள்வியிலிருந்துதான் அவன் பேரை எடுத்தான். இப்போது சொல்கிறேன் கேள்: ‘ரோசம்மா மக்கள்’. உன் லண்டன் அம்மை கதை அவனுக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது!

நேற்றுத் திறப்பு விழா. நான் டூட்டி முடிந்து வந்து வீடியோ காலில் உட்கார்ந்தேன், அங்கே காலை. தயாளன் உள்ளே நின்று பலகையைக் காட்டினான். அழகு என்றால் அப்படி ஓர் அழகு! பத்து நிமிடம் கழித்துக் கடை போன் அடித்தது. வந்த ஆட்கள் தெருவில் நின்றுகொண்டு கடை எது என்று தெரியாமல் முழிக்கிறார்களாம். தயாளன் திரும்பிப் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“ஐயோ மச்சான்! பழக்கத்தில உள்ளுக்க கொழுவிப் போட்டன்!”

மாட்டிய ஆள் கேட்டாராம், உள்பக்கம்தானா என்று. ஓம், உள்பக்கம்தான் என்று இவனே அடித்துச் சொல்லியிருக்கிறான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு அவனே வெளியே போனான். தெருவில் நின்றவர்கள் பிடித்துக்கொடுக்க, உன் அம்மாவின் பேரை வெயில் படுகிற பக்கம் திருப்பி மாட்டினான். பஸ்ஸில் போகிறவர்கள்கூட அதைப் படிக்கலாம், செல்வின்.

சத்தியமாகச் சொல்கிறேன், அடுத்த லீவுக்குத் திருச்சி போகுமுன் உன் கடற்கரைக்குத்தான் போவேன். தயாளன் தெருவில் நின்று பலகையை எடுத்தனுப்பிய படத்தை அம்மா கையில் கொடுப்பேன். வழியில் யாராவது என்னை நிறுத்தி, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால், தயங்காமல் ஒரே பதில்தான் சொல்வேன். அதைக் கீழே கையெழுத்தாகவே போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் மீசைக்கார மைனி,
ரோசம்மா மகன்.