மேனேஜருக்கு இரண்டு வீடு

ஞாயிறு, ஜூன் 4

மருந்துக்கடை அம்மாளுக்கு,

நலம் என்று எழுத ஆசைதான், உன் பூனை விடவில்லை. போன வருஷம் பிரிந்தபோது வீட்டைப் பிரித்தோம், பாத்திரத்தைப் பிரித்தோம். மேனேஜர் என்று நாம் பேர் வைத்த இந்தப் பூனையை மட்டும் பிரிக்க முடியாமல் வாரத்துக்கு ஒரு வீடு என்று வைத்தோம். அப்போது அவருக்குச் சர்க்கரையும் இல்லை, கணைய வீக்கமும் இல்லை. இப்போது காலை ஏழுக்கு ஒரு இன்சுலின் ஊசி, மாலை ஏழுக்கு ஒரு ஊசி. அதற்கு முன்னால் அவர் சாப்பிட்டாக வேண்டும். அவரோ குமட்டலில் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சர்க்கரைக்கு மாவுச்சத்து ஆகாது, கணையத்துக்குக் கொழுப்பு ஆகாது. பிறகு என்னதான் ஆகும்? வேகவைத்த கோழியைப் பிய்த்து விரலில் வைத்து, தரையில் குப்புறப் படுத்துக் கெஞ்சினேன். உன்னிடம்கூட இவ்வளவு கெஞ்சியதில்லை.

வியாழக்கிழமை ஒரு லிஃப்ட் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே நாலு பேர். "இன்னும் எவ்வளவு நேரங்க?" என்று கத்துகிறார்கள். மணி ஆறே முக்கால். எனக்கும் அதே கேள்விதான். இப்படியே போனால் வேலை போய்விடும்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்


ஞாயிறு, ஜூன் 11

லிஃப்ட்காரருக்கு,

பூனைக்கூடையில் வைத்த கடிதம் கிடைத்தது. பாதி புலம்பல், பாதி குத்தல். அவன் எடை என்ன என்று ஒரு வரி உண்டா? நானே நிறுத்துப் பார்த்தேன், இருநூறு கிராம் குறைந்திருக்கிறது. "அவர் வீட்ல என்ன குடுக்கறாரு?" என்று டாக்டர் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? கூடைத் துணியில் வறுத்த மீன் வாசனை வருகிறது. எண்ணெய்ப் பண்டம் அவனுக்கு விஷம் என்று எத்தனை தடவை எழுதுவது?

கூடையை வாசலில் வைத்து மணியை அடித்துவிட்டு, நான் கதவைத் திறப்பதற்குள் இரண்டு மாடி இறங்கிவிடுகிறீர்கள். நானும் உங்கள் வாசலில் அதையேதான் செய்கிறேன், அது வேறு விஷயம்.

டாக்டர் சொன்னதை மறுபடி எழுதுகிறேன். அவன் சாப்பிடாவிட்டால் ஊசி போடாமல் அவருக்குப் போன் செய்யுங்கள். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும் போடாதீர்கள். இனியும் குத்தலாக எழுதினால் படிக்கவே மாட்டேன்.

மருந்துக்கடையிலிருந்து


ஞாயிறு, ஜூன் 18

அம்மாளுக்கு,

மீன் தின்றவன் நான். என் வீட்டில், என் காசில். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றது குற்றமென்றால் போலீசில் சொல். இந்த வாரம் மேனேஜர் மூன்று தடவை வாந்தி எடுத்தார், மூன்றும் என் படுக்கையில். துவைத்தவன் யார்? அதற்கு ஒரு நன்றி உண்டா? எடை, எடை என்கிறாய். என் எடையும்தான் குறைந்திருக்கிறது, யார் கேட்டார்கள்? இன்று மாலை ஏழு மணிக்கு ஒரு லிஃப்டைப் பார்க்கப் போக வேண்டும். அதனால் ஆறரைக்கே சாப்பாடு கொடுத்து ஊசியும் போட்டுவிட்டேன், இரண்டு யூனிட். நீ போடாதே.

மெக்கானிக்


செவ்வாய், ஜூன் 20

உங்களுக்கு,

கூடை இங்கே பூனை ஆஸ்பத்திரியில் இருக்கிறது, அதனால் இது தபாலில் வருகிறது. அவன் பிழைத்துவிட்டான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறன்று உங்கள் கடிதத்தில் போலீஸ் வரைக்கும் படித்தேன். கசக்கிக் குப்பையில் போட்டேன். ஏழு மணிக்கு அவன் கொஞ்சம் சாப்பிட்டான், ஊசி போட்டேன். ஒரு மணி நேரத்தில் பின்னங்கால்கள் தள்ளாடின. பிறகு விழுந்துவிட்டான். சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஈறில் தேனைத் தடவி, டாக்ஸி பிடித்து ஓடினேன். "யாராவது ரெண்டு தடவ போட்டுட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "நான் மருந்துக்கடையில இருக்கேன் டாக்டர், எங்கிட்ட அப்படி நடக்காது" என்றேன். இவனுக்கு டிரிப் ஏற்றிய பிறகு வீட்டுக்குப் போய் அந்தக் காகிதத்தைக் குப்பையிலிருந்து எடுத்துப் பிரித்தேன்.

பதினெட்டு வருஷமாக ஊரார் சீட்டையெல்லாம் வரி விடாமல் படித்து மருந்து கொடுக்கிறேன். உங்கள் சீட்டைப் படிக்கவில்லை. ஆனால் 'நீ போடாதே' என்ற வரியை ஏன் கடைசியில் வைத்தீர்கள்? உங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. என் மேல் அதைவிட அதிகமாக வருகிறது.

குணமானதும் அவனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சிரிஞ்சை எடுத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.


வெள்ளி, ஜூன் 23

உனக்கு,

இன்று மாலை ஊசியை நான் போடவில்லை, மேனேஜரை வீட்டுக்கு அழைத்துப் போய் நீதான் போட வேண்டும். நீ கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நாலு மணிக்கு மேனேஜர் என் விரலிலிருந்து நாலு துண்டு கோழி சாப்பிட்டார். இந்தக் கடிதத்தை உன் கையிலேயே கொடுக்கச் சொல்லி நர்ஸிடம் தந்திருக்கிறேன்.

மீன் விஷயத்தில் பொய் சொன்னேன். ஒரு துண்டு கொடுத்தேன். இரண்டு நாள் அரை வயிறாகக் கிடந்தவர் தானாக எழுந்து வந்து கேட்டார், இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. என்னிடம் இருந்தால் அடுத்த தடவையும் கொடுப்பேன். மணியடித்துவிட்டு ஓடியதும் அவசரத்தால் அல்ல. கதவு திறந்தால் உன் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று தெரியாமல்தான். அன்று அரை நிமிஷம் நின்றிருந்தால் ஊசி போட்டதை வாயாலேயே சொல்லியிருப்பேன்.

இவருக்கு ஊசி போட ஒரே ஒரு கைதான் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரி அட்டையில் இருந்த என் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டேன். உன் கை நடுங்கினால் நடுங்கட்டும், நடுங்குகிற கை இரண்டு தடவை பார்த்துத்தான் போடும்.

எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். ஒரு வருஷமாக இவரைச் சாக்காக வைத்துத்தான் உன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன், நீ கதவைத் திறக்கும் சத்தத்தைக் கீழே நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன். இனி ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் வேறு யாராவது வந்திருப்பார்கள். நிதானமாகப் போய்த் திற.