காகிதம் முதலில், கோட்டை அப்புறம்

வாய்க்கால் தண்ணீருக்காக ஆறு ஆம்பளைகளை ஒற்றையாக எதிர்த்து நின்ற என் ருக்மணி அக்காவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. சாமி கும்பிடும்போது உன்னிடம் பேசியிருக்கிறேனே தவிர எழுதியதில்லை. இன்று எழுதாவிட்டால் எனக்கு மூச்சு முட்டிவிடும். பாலக்காட்டில் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். என்னை அழைத்துப் போக வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கிறார். அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் கட்டி வந்திருக்கிறது அக்கா. இடது மார்பில், உனக்கு இருந்த அதே பக்கம். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். போன வாரம் வெள்ளிக்கிழமைக்கு ரிப்போர்ட் தயாராகிவிடும், லேபில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். உனக்குப் பார்த்த அதே லேப்தான்.

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். லேபின் கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் கால் தானாகத் திரும்பிவிட்டது. போய் நின்ற இடம் மியூசியம். அங்கே ஒரு பெரிய தாழி வைத்திருக்கிறார்கள், அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்தது. இதற்குள் நான் உட்கார முடியுமா என்று அளவு பார்த்துக்கொண்டு நின்றேன், பைத்தியம் மாதிரி. ஆனாலும் வெளியே வரும்போது படபடப்பு அடங்கியிருந்தது. அந்தத் தாழியைச் சுற்றி நின்று யாரோ அழுதிருப்பார்கள், அந்த அழுகையும் என்றோ ஓய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் கிளம்பி ஜைனமேட்டில் இருக்கிற பழைய சமணக் கோயிலுக்குப் போனேன். கருங்கல் சுவர், சில்லென்ற தரை, ஆள் அரவமே இல்லை. எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை, அதுவே நிம்மதியாக இருந்தது. ரிப்போர்ட் வாங்கப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே பாலக்காட்டுச் சரித்திரத்தில் பாதியைப் பார்த்து முடித்துவிட்டேன் அக்கா. பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு அக்கறை இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். "என்ன மரகதம், வந்திருச்சா?"

"இன்னும் வரலீங்களாமா."

"என்ன லேப்போ போ. நான் வேணா வந்து சத்தம் போடட்டா?"

"வேண்டாமுங்க, நானே பாத்துக்கறேன்."

இன்று சனிக்கிழமை கோட்டைக்கு வந்தேன். கோட்டை நீ சொல்லித்தானே எனக்குத் தெரியும்? "அங்க போய்ச் சித்த நேரம் உக்காந்தா என்ர கவலையெல்லாம் சிறுசாப் போயிருது கண்ணு" என்பாய். உண்மைதான். அகழியில் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் சர்க்கரைக்காக நடக்கிறவர்கள். யாரோ யாருக்கோ பயந்து இவ்வளவு பெரிய மதிலைக் கட்டியிருக்கிறார்கள். பயந்தவரும் இப்போது இல்லை, பயமுறுத்தியவரும் இல்லை. அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு மதில் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

காவல்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வயசானவர், இங்கே பக்கத்திலிருக்கும் சித்தூர் ஆள். கிட்டே வந்து, "சேச்சிக்கு ஒரு அக்கா உண்டுங்களா? ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பாங்க" என்றார்.

"இருந்தாங்க. ஏனுங்க?"

"அச்சு அசல் அதே முகம். அவங்களும் இந்த மூலையிலதான் உக்காருவாங்க. மூணு நாலு வருசம் இருக்கும், ஒரு மழைக்காலம் பூரா வந்தாங்க. 'ரிப்போர்ட் வாங்கோணும், மனசு கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் போறேன்'னு சொல்லுவாங்க. சாயங்காலம் பாத்தா நேரா பஸ்ஸுக்குப் போயிருவாங்க."

அக்கா, எங்களிடம் நீ என்ன சொன்னாய்? "இன்னும் வரலியாமா." ஆடி முழுக்க அதைச் சொன்னாய், ஆவணி முழுக்க அதைச் சொன்னாய். கடைசியில் ஐப்பசியில் நீ காகிதத்தைக் கொண்டுவந்தபோது, கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டார். லேப்காரர்களால்தான் தாமதம் என்று இத்தனை நாளும் அவர்களைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

உன்மேல் கோபம் வந்தது. மதில் மேலேயே உட்கார்ந்து அழுதேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை? கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேனா? ஆறு பேருக்குப் பயப்படாதவள் ஒரு காகிதத்துக்கா பயந்தாய்? இப்படியெல்லாம் திட்டிக்கொண்டே மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். பர்ஸிலிருந்து என் சீட்டும் கூடவே வந்தது. நான் இவரிடம் சொன்ன வார்த்தையும் அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

மணி நாலரை. லேபை ஐந்துக்கு மூடிவிடுவார்கள். கோட்டையிலிருந்து இறங்கி ரோட்டைக் கடக்கும்போது ஒரு ஆட்டோக்காரர் என்னைத் திட்டினார். என்ன திட்டினார் என்றுகூடக் கேட்கவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "சேச்சி, கூட யாரும் வரலையா?"

"அக்கா வந்திருக்குது. கோட்டையில உக்காந்திருக்குது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னதும் அவள் நீட்டிய உறையைப் பிரிக்கத் தைரியம் வந்தது.

அதே வார்த்தைதான் அக்கா. உன் காகிதத்தில் இருந்த அதே இங்கிலீஷ் வார்த்தை. அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து இவருக்குப் போன் செய்தேன். "ஏனுங்க, ரிப்போர்ட் போன வாரமே வந்திருச்சுங்க. நாந்தான் வாங்கலை." வண்டிச் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "அங்கயே இரு, வந்தர்றேன்" என்றார். அந்தப் படியில்தான் இருக்கிறேன்.

பயமாக இருக்கிறது. சாக விருப்பமில்லை எனக்கு. அந்தத் தாழியும் மதிலும் கொடுத்த நிம்மதியைப் பொய் என்று சொல்ல மாட்டேன். நாம் இரண்டு பேரும் அதற்குள் போய் ஒளிந்துகொண்டோம், அவ்வளவுதான். நீ ஒரு மழைக்காலம் ஒளிந்தாய், நான் எட்டு நாள்.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் முன்னால் இருப்பேன். அவர் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கோட்டைக்கு வருவேன். உன் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் உனக்குச் சொல்வேன். இனி யார் கேட்டாலும் "இன்னும் வரலை" என்று சொல்ல மாட்டேன், இது உன்மேல் சத்தியம். தெருமுனையில் இவருடைய வண்டி திரும்புகிறது. எழுந்துகொள்கிறேன் அக்கா.

உன் முகத்தோடு இன்னும் நடமாடுகிற தங்கச்சி,
மரகதம்